ஊருக்கு வழி திறந்த வில்லுவண்டி



செங்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது வாஞ்சிநாதனைப் பற்றித்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் நடந்ததை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அதே 1911ஆம் ஆண்டு டிசம்பரில், நம் ஊரின் அன்றைய தலைநகரில், வேறொரு மனிதர் அரசவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கையில் ஆயுதம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயத் தொழிலாளி. அவர் பெயர் அய்யன்காளி.

அன்றைய தலைநகர் என்றால் சென்னை அல்ல, திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த ஊர். பக்கத்துத் தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1904ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில்பாதை திறந்தபோது, செங்கோட்டையில் ஏறி ஆரியங்காவு குகையையும் பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து கொல்லத்தில் இறங்கிய நம் முன்னோர் ஒரே மன்னரின் குடிமக்களாகவே ஏறி இறங்கினார்கள். ஆகவே அய்யன்காளி நமக்கு அயலார் அல்லர். கேரளத்தார் அவரைத் தம் தலைவராகக் கொண்டாடுகிறார்கள். நாம் பாதி உறவைத்தான் மறந்துவிட்டோம்.

அவரைப் பற்றி இந்தப் பகுதியில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் பங்குகளில் அன்பியங்கள் நடக்கின்றன. இருபது, முப்பது குடும்பங்கள் கூடி செபமாலை சொல்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம், தேநீர் குடிக்கிறோம், கலைகிறோம். தெருவில் சாக்கடை தேங்கி நின்றாலும், அடுத்த வீட்டில் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டாலும், அது பங்குத்தந்தையின் வேலை, அல்லது யாரோ ஒரு உறுப்பினரின் வேலை என்று இருந்துவிடுகிறோம். பழியை மக்கள்மேல் போடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவிலிருந்து குடிநீர் வரவில்லை என்று நம்மிடம் வந்தார்கள். நாமே மனு எழுதினோம், நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம், நாலு தடவை நாமே அலைந்தோம். குழாய் வந்தது. நமக்கும் உள்ளூரப் பெருமை. ஆறு மாதத்தில் அது உடைந்தபோது தெருவில் ஒருவரும் கைவைக்கவில்லை. அதற்குச் சாமியார் குழாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாமியார் வந்து பார்க்கட்டும் என்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் நமக்கு நல்ல பாடம் சொன்னது. அதற்குப் பிறகுதான் அய்யன்காளியின் வாழ்க்கையை நாம் கருத்தோடு படித்தோம்.

அவர் 1863 ஆகஸ்டு 28 அன்று திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. புலையர் என்று ஒதுக்கப்பட்ட சமூகம். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855ல், அதாவது அவர் பிறப்பதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன். அதுவரை நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள். சட்டம் மாறியபின்பும் வாழ்க்கை மாறவில்லை. பொதுச் சாலையில் நடக்கக்கூடாது. சந்தைக்குள் வரக்கூடாது. இடுப்புக்கு மேல் துணி கூடாது. பெண்கள் கழுத்தில் கல்மணி மாலைதான் அணியவேண்டும், அதுவே அவர்கள் யார் என்பதற்கு அடையாளம். பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அய்யனின் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அச்சமூகத்தில் அது அபூர்வம். சோற்றுக்குக் கவலை இல்லாத வீட்டுப் பிள்ளை தன் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் ஊர் இளைஞர்களைச் சேர்த்தார். மாலையில் வேலை முடிந்து கூடுவார்கள். விளையாட்டு, பாட்டு, நாட்டுக்கூத்து, கூடவே சிலம்பமும் தற்காப்பும். ஊரார் அவரை மூத்த பிள்ளை என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் தலைமகனை அழைப்பது போன்ற பெயர். யாரும் பட்டம் கட்டி மேலிருந்து அனுப்பிய தலைவர் அல்லர், அந்தச் சேரிக்குள்ளேயே முளைத்தவர் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

1893ல் அவர் செய்த காரியத்தை இன்றும் கேரளத்தில் பேசுகிறார்கள். இரண்டு காளைகள் வாங்கினார், ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, மேல் துண்டு, தலைப்பாகை அணிந்து, காளைகளின் கழுத்தில் மணி குலுங்க, பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். அவ்வளவுதான். இன்று நம் பிள்ளைகள் பைக்கில் போவதைப்போன்ற ஒன்று. அன்று அது சாலையை மறிக்கவும் அடிக்கவும் போதுமான குற்றம். அவரும் தோழர்களும் எதிர்த்து நின்று வண்டியை ஓட்டினார்கள். 1898ல் பாலராமபுரம் பகுதியில் சாலியர் தெரு வழியாகச் சந்தைக்கு நடந்து சென்றபோது பெரிய கலவரமே மூண்டது, இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது. வன்முறையை நாம் போற்றவில்லை. தங்கள் ஊர்ச் சாலையில் நடந்தவர்களை அடிக்க வந்தது யார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இந்தக் காலத்தில் அவர் மனத்தைப் பண்படுத்தியவர்களில் ஒருவர் தமிழர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகள் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்திச் சாப்பிட வைத்தவர். அந்தப் பந்தியில் அய்யன்காளியும் அமர்ந்தார். ஆண்டவர் இயேசு யார் யாரோடு அமர்ந்து உண்டார் என்று படிக்கிற நமக்கு, ஒரு பந்தி எத்தனை பெரிய அறிவிப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

சாலை திறந்தாயிற்று. அடுத்து என்ன என்பதை அவர் மக்களிடமிருந்தே கற்றார். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். 1904ல் வெங்ஙானூரில் தாங்களாகவே ஓலைக் குடிசையில் பள்ளி கட்டினார்கள். எதிரிகள் அதற்குத் தீ வைத்தார்கள். மறுபடி கட்டினார்கள். அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்டபோதும் ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் அதை நடைமுறைக்கு வரவிடவில்லை.

அப்போதுதான் அந்த வேலைநிறுத்தம். 1907-08 காலத்தில் தெற்குத் திருவிதாங்கூரின் வயல்களில் தொழிலாளர் இறங்க மறுத்தார்கள். கூலி, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, அடி உதையிலிருந்து விடுதலை என்பவை இருந்தன. ஆனால் முன்னே நின்ற கோரிக்கை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது. நெல்லுக்காக மட்டுமல்ல, சிலேட்டுக்காகவும் நடந்த வேலைநிறுத்தம். இந்தியாவில் விவசாயத் தொழிலாளர் நடத்திய முதல் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தில் வயிறுதான் முதல் எதிரி. நிலக்காரர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். அய்யன்காளி என்ன செய்தார்? விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போனார். மீனவர்களிடம் பேசினார். வேலைநிறுத்தம் செய்யும் குடும்பங்களிலிருந்து ஆள் வந்தால் படகில் ஏற்றிக்கொண்டு பங்கு கொடுப்பதென்று ஏற்பாடு. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த கரை அது. கடல் தெரியாத வயல்காரனைப் படகில் ஏற்றுவது சுமைதான், மீனவக் குடும்பங்களுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் இடம் கொடுத்தார்கள். நிலக்காரர்கள் தாங்களே ஏர் பிடித்துப் பார்த்து, முடியாமல் கரையேறினார்கள். வயல்களில் புல் மண்டியது. இறுதியில் கண்டல நாகம் பிள்ளை என்ற நீதிபதி நடுவராக வந்தார். கூலி உயர்ந்தது. பள்ளி உரிமையும் ஏற்கப்பட்டது. 1910ல் அரசு அந்த உத்தரவை மீண்டும் உறுதி செய்தது.

இங்கே சற்று நின்று நம் பக்கத்தையும் பார்ப்போம். அதே 1910ஆம் ஆண்டில்தான் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் என்று மக்களைப் பிரித்து வைத்திருந்த தடுப்பை சேசு சபைக் குருக்கள் இடித்து அகற்றினார்கள். புனித தேவசகாயம் 1745ல் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில். இடித்ததை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, திருச்சபையின் பக்கமே தீர்ப்பாயிற்று. இடித்தவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம். அந்தத் தடுப்பு அதுவரை அங்கே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான புலையரும் பறையரும் பல இடங்களில் தனி ஆலயத்துக்குள் ஒதுக்கப்பட்டார்கள். பொய்கையில் யோகன்னான் என்ற நற்செய்தி போதகர் கிறிஸ்தவ சபைகளுக்குள்ளேயே அந்த வேற்றுமையைக் கண்டு வெதும்பி வெளியேறி, தனி இயக்கம் கண்டார். அய்யன்காளியும் மதம் மாறுவதை ஏற்கவில்லை. கிறிஸ்தவரான தன் மக்கள் சிலர் தம் இயக்கத்தில் தோள் கொடுத்தபோதும், தாமஸ் வாத்தியார் போன்றவர்கள் அருகில் இருந்தபோதும், அவர் தம் வழியிலேயே நின்றார். ஒரு குருவாக இதை எழுத நமக்குச் சற்றே வலிக்கிறது. நற்செய்தி அவரை எட்டவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எட்டியது. அதைச் சுமந்து வந்தவர்கள் எங்கே, யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதையும் அவர் பார்த்தார்.

1907ல் அவர் அமைத்த சாது ஜன பரிபாலன சங்கத்தைப் பற்றித்தான் அன்பிய நண்பர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் சாதியில்லை. சாதுக்கள், எளியவர்கள் என்று மட்டும் இருந்தது. ஆகவே ஒதுக்கப்பட்ட பிற சமூகத்தாரும் உள்ளே வர முடிந்தது. ஊருக்கு ஊர் கிளைகள். ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அன்று சங்கக் கூட்டம். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்பதை நாம் மறையுரையில் சொல்கிறோம், அவர்களோ அதைப் போராடிப் பெற்றார்கள். கூட்டத்தில் சிறு சந்தா கட்டினார்கள். குடியை விடுவது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, பிள்ளைகளை அனுப்புவது என்று பேசினார்கள். சங்கத்துக்கு வழக்குத் தீர்க்கும் மன்றமும் இருந்தது. கணவன் மனைவி தகராறு, வேலித் தகராறு, கடன் தகராறு எல்லாவற்றையும் காவல் நிலையத்துக்கும் நிலக்காரர் முற்றத்துக்கும் கொண்டுபோய்க் கைகட்டி நிற்காமல் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள். வெளியே உரிமை கேட்டவர்கள் உள்ளே ஒழுங்கையும் உண்டாக்கினார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்கிற அமைப்புகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனி, நம்மைப் போன்றவர்கள், அதாவது மக்களுக்காகப் பேசிப் பழகிப்போன குருக்கள், ஆசிரியர்கள், பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு மனிதர். பி. கே. கோவிந்தப்பிள்ளை. சுபாஷிணி என்ற பத்திரிகையின் ஆசிரியர். 1911ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் புலையர்களின் சார்பாகப் பேச அரசு அவரை நியமித்தது. உயர்ந்த சாதிக்காரர், நல்லவர், அவர்களுக்காக உண்மையாகவே வாதாடினார். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சபையில், இந்த மக்களின் குறையைச் சொல்ல அவர்களில் ஒருவரே வரவேண்டும் என்று கேட்டார். அதன் பயனாகவே அதே ஆண்டு டிசம்பரில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். திவான் இராஜகோபாலாச்சாரி காலம். பிறருக்காகப் பேசும் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அதிலிருந்து எழுந்திருப்பது எவ்வளவு கடினம் என்பது பங்குத்தந்தையர்க்குத் தெரியும். நம் குழாய்க் கதையில் நாம் எழுந்திருக்கவே இல்லை.

அய்யன்காளி இருபத்தைந்து ஆண்டு அளவுக்கு அந்தச் சபையில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், படித்தவர்கள் நடுவில் எழுந்து நின்றார். அவர் கேட்டவை எல்லாம் தெருவில் கேட்டவை: குடியிருக்க நிலம், பள்ளியில் இடம், கட்டணச் சலுகை, அரசு வேலை. நிலக்காரனின் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் வரை எந்த உரிமையும் நிலைக்காது, இன்று பேசினால் நாளை குடிசையைப் பிரித்துவிடுவான் என்பதை அவர் வாழ்ந்து அறிந்திருந்தார். அவர் முயற்சியால் விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் புறம்போக்கு நிலம் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் வழங்க ஒதுக்கப்பட்டது.

பள்ளிக்கூடச் சண்டை முடிந்தபாடில்லை. அவர் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். வகுப்பில் உட்கார வைத்தார். எதிர்ப்பு கலவரமாயிற்று, பள்ளிக்கே தீ வைத்தார்கள். தம் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிதான் அது. ஒரு சிறுமி பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதற்காகத் தம் பிள்ளைகளின் பள்ளியையே கொளுத்தத் துணிந்த மனத்தை என்னவென்று சொல்வது? பிறகு வெங்ஙானூரில் சங்கத்துக்கென்றே பள்ளி கிடைத்தபோது, அங்கே பாடம் நடத்த ஆசிரியர் வரவில்லை. திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை என்பவர் துணிந்து முன்வந்தார். அவருக்கு வழியில் ஆபத்து வராமல் சங்கத்தார் காவலாக உடன் நடந்தார்கள். ஆசிரியரைக் காப்பாற்றியது அரசு அல்ல, தெருவார்.

1915ல் நம் ரயில்பாதையின் மறுமுனையான கொல்லத்துக்கு அருகே, பெரிநாட்டில் நெருப்புப் பற்றியது. கல்மணி மாலையைக் கழற்றிவிட்டு ரவிக்கை அணியும்படி பெண்களுக்குச் சொன்ன கூட்டத்தைத் தாக்கினார்கள். குடிசைகள் எரிந்தன. மக்கள் சிதறி ஓடினார்கள். இந்த நேரத்தில் தலைவர்கள் வழக்கமாக அறிக்கை விடுவார்கள். அய்யன்காளி கொல்லத்துக்கு வந்து, எல்லாச் சமூகத்தாரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்தார். டிசம்பர் 21. ஆயிரக்கணக்கானோர் கூடுவதற்குக் கிடைத்த இடம் ஒரு சர்க்கஸ் கூடாரம்! சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை என்ற நாயர் சமூகப் பெரியவர் தலைமை வகித்தார். அவர் முன்னிலையில், எல்லார் கண்ணெதிரே, பெண்கள் தங்கள் கழுத்து மாலையை அறுத்து மேடையில் எறிந்தார்கள். மணிகள் குவிந்து மேடாயின. மற்றவர் யாரும் கழற்றிவிடவில்லை, அவர்களே அறுத்தார்கள். முந்தைய நாள் வரை அடித்தவர்களின் சமூகப் பெரியவரே அதற்குச் சாட்சி. எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டியபோது, பலரும் தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்ததாக நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் பெயர் பெயராகச் சொல்கிறது. பொற்கொல்லர் வருகிறார், நறுமணத் தைலம் செய்பவர் வருகிறார், சல்லூமும் அவர் புதல்வியரும் வருகிறார்கள். ஞாயிறு வாசகங்களில் அவ்வளவாக வராத அதிகாரம் அது. கொல்லத்துக் கூடாரத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் புதல்வியர் நினைவுக்கு வருகிறார்கள்.

அவருடைய முதுமையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உடல் நலிந்தது. காலப்போக்கில் சாதி வாரியாகத் தனித்தனிச் சங்கங்கள் தோன்றி, அவர் எல்லாருக்குமாக அமைத்த சங்கம் தேய்ந்தது. அவருக்கு இது வருத்தமாக இருந்திருக்கும். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் அரசர் ஆலயப் பிரவேச அறிக்கை வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்து அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் அவர் கேட்டது கோவில் பற்றியதல்ல. தாம் கண் மூடுமுன் தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. படித்திருக்கப் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவரின் ஆசை. 1941 ஜூன் 18 அன்று அவர் இறந்தார்.

1980ல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2002ல் தபால்தலை வந்தது. 2019ல் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நம் தெருவின் குழாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது முறை உடைந்தபோது நாம் ஊரில் இல்லை, தியானத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் அந்தத் தெருப் பெண்கள் வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலித்துத் தாங்களே ஆள் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். மீதிப் பணத்துக்குக் கணக்கு நோட்டும் போட்டிருந்தார்கள். அந்த நோட்டு இன்று அன்பியக் கூட்டத்தில் செபமாலைக்குப் பின் வாசிக்கப்படுகிறது. நம்மிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

ஊரூட்டம்பலம் பள்ளியில் அன்று பாதி எரிந்த ஒரு பெஞ்சு பலகை இன்னும் பத்திரமாக இருக்கிறது. அண்மையில் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளியின் பெயரோடு பஞ்சமியின் பெயரையும் சேர்த்துச் சூட்டியிருக்கிறார்கள்.